தோளில் விழுந்த தட்டு

சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், எவ்வளவு சின்னச் சத்தமாக இருந்தாலும் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஐயா என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கனமான கதவு. சாத்தியதும் வெளியே ஓர் ஆஸ்பத்திரி இருந்ததே இல்லை என்பது போல ஆகிவிட்டது. பீரோவுக்குள் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. நாலு சுவரிலும் சாம்பல் நிற மெத்தை, முட்டை அடுக்கும் அட்டை போல மேடும் பள்ளமுமாக. எதிரே ஒரு சின்னக் கண்ணாடி, அதில் அவள் தலையும் தோளும் தெரிகின்றன, குனிந்து எதையோ திருகுகிறாள். ஒரு கீச். அழுத்தினேன். என் காதுக்குள் எந்நேரமும் ஓடுகிற இரைச்சல் இந்த அறையில் பெரிதாகிவிட்டது. வெளியே லாரி, மிக்ஸி, பெண்சாதியின் பேச்சு என்று ஏதாவது அதை மூடிக்கொண்டிருக்கும், இங்கே மூடுவதற்கு ஒன்றுமில்லை. அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ அவள் அனுப்பும் சத்தம் வருகிறது, துழாவிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கீச். அழுத்தினேன். இன்னும் தூரத்தில் ஒன்று. அழுத்தினேன். அவள் தலைக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடிக் கதவு, அதற்கும் அந்தப் பக்கம் நடையில் போட்ட பெஞ்சில் தேசிங்கு உட்கார்ந்திருக்கிறான். முழங்கால் மட்டும் தெரிகிறது. முழங்கால் மேல் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம்.

அவனுக்கு என் கையெழுத்து வேண்டும். அவன் காது பட்டாளத்தில்தான் போனது, ஹெலிகாப்டரிலும் ராக்கெட் லாஞ்சர் பக்கத்திலும் நின்றதால்தான் போனது என்று கூட இருந்தவன் ஒருவன் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஹெலிகாப்டரில் பதினாலு பேர் இருந்தோம். இந்த ஜில்லாவில் உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேர். எழுதிக் கொடுத்தால் காதுக்குள் மிஷின் வைக்கும் ஆபரேஷனுக்கு மெடிக்கல் போர்டு அனுமதி கொடுக்கும். இதே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற போர்டு இன்றைக்கு மதியம் ஒரு மணிக்குக் கலைந்துவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். அவன் பெண்சாதிக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இரண்டு மணி நேரம் இவனைக் கூப்பிட்டிருக்கிறாள். இவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தானாம். இதை என்னிடம் சொன்னது என் பெண்சாதி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். இரண்டு முறையும் காபி குடித்தான். என்னைத் தட்டினேன் என்று என் பெண்சாதி முன்னால் சொல், அடுத்த நிமிஷம் போடுகிறேன் என்றேன். காதருகே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "தட்டாதத எப்படிடா தட்னேன்னு சொல்றது. சாமி இல்லையா மேல" என்றான். அப்படியானால் சாமியிடமே கையெழுத்து வாங்கிக்கொள் என்றேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வரேன் அண்ணி" என்று அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். இன்றைக்கு எனக்கும் காதுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு அதே பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரம் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கீச். அழுத்தினேன்.

முப்பத்தேழு வருஷம். வடக்கே ஒரு பெரிய மைதானம், புல் என்று சொல்ல ஒன்றுமில்லை, புழுதிதான். ஹெலிகாப்டர் வருகிறது என்பது முதலில் காதுக்குத் தெரியாது, நெஞ்சுக்கூட்டுக்குத் தெரியும். யாரோ உள்ளேயிருந்து குத்துகிற மாதிரி. அப்புறம்தான் சத்தம். ஓட்டுகிறவர்களுக்கும் இன்ஸ்ட்ரக்டருக்கும் காதுக்குக் கருவி உண்டு. எங்களுக்கு இல்லை. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையின் ஓரத்தைப் பிரித்துப் பஞ்சு எடுத்து அடைத்துக்கொள்வோம். பயிற்சி முடிகிற சமயத்தில் எல்லோருடைய ரஜாயும் ஒரு பக்கம் வற்றிப் போய், சுபேதார் சாகிப் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சூட்டை நீங்களே காதில் அடைத்துக்கொண்டீர்கள் என்றார். அந்தரத்தில் நிற்கிற ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் சறுக்கி இறங்குவதுதான் பயிற்சி. மணிக்கட்டுப் பருமன் கயிறு, கதவுக்கு மேலே இரும்பில் கட்டியிருக்கும். முதுகில் துப்பாக்கி, இடுப்பில் தோட்டா மேகஸின், சிலருக்கு அதோடு ராக்கெட் குண்டு இரண்டு. கையில் இரட்டைத் தோல் கிளவுஸ். கயிற்றைப் பிடித்து, கால் பாதத்தில் அணைத்து, விட வேண்டும். பிடிக்கிறது பெரிசில்லை, விடுகிறதுதான். கதவருகே இன்ஸ்ட்ரக்டர் குப்புறப் படுத்துக்கொண்டு கயிற்றின் நுனி தரையில் கிடக்கிறதா என்று பார்ப்பார். கிடந்தால் கட்டைவிரலைத் தூக்குவார். கதவில் நிற்பவன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், திரும்பக் கூடாது. அவனுக்குப் பின்னால் நிற்பவன் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு அவன் தோளில் ஒரு தட்டு தட்டுவான். தட்டு விழுந்தால் போ. விழாவிட்டால் நில். அந்தச் சத்தத்தில் கட்டளை என்று வேறு எதுவும் கிடையாது. பட்டாளத்தில் எவ்வளவோ கட்டளை வாங்கியிருக்கிறேன், எல்லாம் காதுக்குச் சொன்னது. இது ஒன்றுதான் தோளுக்குச் சொன்னது. கீச். அழுத்தினேன். கீச் இல்லையோ. அழுத்திவிட்டேன்.

கதவு திறந்தது. அந்தப் பெண். சட்டையில் குத்திய அட்டையில் நஸ்ரின் என்று போட்டிருக்கிறது. "ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க. அவசரப்படாதீங்க. டெஸ்ட் தப்பாப் போயிடும்" என்றாள். கேட்டதால்தான் அழுத்தினேன் என்றேன். சரிங்க ஐயா என்று போய்விட்டாள். சரிங்க ஐயா என்பதில் ஒரு சரியும் இல்லை. எனக்கு எட்டாவதுக்கு மேல் படிப்பில்லை என்று காகிதத்தில் பார்த்திருப்பாள். என்னிடம் இப்படிப் பேசியவர்கள் கணக்கு எனக்கு மறப்பதில்லை. மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தது. கூட்டுறவுச் சங்கத்தில் ஒருத்தன் நொண்டி மிலிட்டரி என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னது. அவன் செத்து எட்டு வருஷமாகிறது, சாவுக்குப் போனேன், மாலை வாங்கவில்லை. மறந்துவிடு மறந்துவிடு என்று பெண்சாதி சொல்வாள். மறக்கிறவன் மறக்கட்டும், எனக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது, அது ஒரு குற்றமா. இடது குதிகால் இந்த அறையின் குளிரில் கடுக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. குளிரூட்டியை முதலில் கண்டுபிடிப்பது அந்த ஸ்க்ரூதான்.

அன்றைக்குக் காலை நான் ஆறாவது ஆள், தேசிங்கு ஏழாவது. ஐந்து பேர் இறங்கிவிட்டார்கள். கதவில் நின்றேன். கீழே புழுதி சுழன்று மஞ்சளாகத் திரண்டு நிற்கிறது, தரை தெரியவில்லை, கயிறு புழுதிக்குள் போய் மறைகிறது. எண்ணெய் நாற்றம். கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோளில் தட்டு விழுந்தது. போனேன். போய்க்கொண்டே இருந்தபோது கயிறு கையில் இல்லாமல் போனது. காற்று தூக்கியதில் ஹெலிகாப்டர் மேலே ஏறியிருந்தது, கயிற்றின் நுனி தரையிலிருந்து பதினைந்து அடி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்ததில் இடது குதிகால் நொறுங்கியது. கட்டைவிரலை நான் தூக்கவேயில்லை என்று இன்ஸ்ட்ரக்டர் விசாரணையில் சொன்னார். நான் தட்டவேயில்லை என்று தேசிங்கு சொன்னான். நான் தட்டு விழுந்தது என்றேன். மூன்று பேரில் இரண்டு பேர் சொன்னது எழுதப்பட்டது. உத்தரவு இல்லாமல் இறங்கினார் என்று என் காகிதத்தில் ஏறியது. அதற்கப்புறம் எனக்கு ஸ்டோரில் கம்பளி எண்ணுகிற வேலை. லான்ஸ் நாயக்காகவே வெளியே வந்தேன். தேசிங்கு அதற்கு இரண்டு படி மேலே ஹவில்தார் ஆனான். ஊரில் இரண்டு பேரையும் மிலிட்டரிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் அவனைக் கூப்பிடுகிறபோது குரல் ஒரு மாதிரி, என்னைக் கூப்பிடுகிறபோது ஒரு மாதிரி. அது மற்றவர்கள் காதுக்குக் கேட்காது. கீச். அழுத்தினேன்.

அந்தத் தட்டு இன்னும் இருக்கிறது. வலது தோளில், காலர் எலும்புக்குக் கொஞ்சம் பின்னால். மழைநாளில் மட்டும் இல்லை, எல்லா நாளிலும். கேட்கிறவர்களுக்குச் சட்டையை விலக்கிக் காட்டியிருக்கிறேன், அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும். நாலு விரல் பட்டது, கட்டைவிரல் படவில்லை. மூன்றாவது விரலில் மோதிரம், அவன் ஊரிலிருந்து போட்டு வந்த செம்பு மோதிரம், அதன் கெட்டி தனியாகப் பட்டது. மோதிரத்தைச் சொன்னதும் கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். மோதிரம் பட்டதை ஒருவன் எப்படி இட்டுக்கட்டுவான். என் பெண்சாதியே அங்கேதான் நம்பினாள். இத்தனை வருஷமாக நான் அதைச் சொல்லும்போதெல்லாம் தட்டு, விரல், மோதிரம் என்று அதே வரிசையில் வரும், ஒரு நாளும் மாறியதில்லை. மாறாததால் உண்மை. இப்போது நெடுநேரமாகச் சத்தம் வரவில்லை. அவள் குனிந்தே இருக்கிறாள். எனக்குக் கேட்காமல் போகிறதா, அனுப்பவில்லையா. பொத்தானின் மேல் கட்டைவிரல் வேர்த்திருக்கிறது. தவறவிட்டுவிடக் கூடாது. இப்படி உட்கார்ந்திருக்கிற உடம்பை எனக்குத் தெரியும். மூச்சைப் பாதியில் நிறுத்தி, கழுத்து விறைத்து, வரப்போகிற ஒன்றுக்காகத் தோல் முழுவதும் காதாகி. வந்தது. அழுத்தினேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டாள்.

முந்தின நாள் நடந்ததை நான் விசாரணையில் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. முந்தின நாளும் ஆறாவது ஆளாகத்தான் நின்றேன். தட்டு விழுந்தது, அன்றைக்கு நிஜமாகவே விழுந்தது, நான் போகவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டேன். இரண்டாவது தட்டு. போகவில்லை. இன்ஸ்ட்ரக்டர் என் காலில் குத்தினார். ஹெலிகாப்டர் என்னோடும் எனக்குப் பின்னால் நின்ற எட்டுப் பேரோடும் தரையில் இறங்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டு வரிசையில் தேசிங்கு, "டேய், பல்லி மாதிரி ஒட்டிக்கினியேடா. ரெண்டு உச்சு கொட்டியிருந்தா சகுனமாவது பாத்திருப்போம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பருப்பில் கல் இருந்தது, அதையும் முழுங்கினேன். படுக்கையில் கிடந்து ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்குத் தட்டு விழுகிற அந்தக் கணமே போய்விட வேண்டும், தட்டு முடிவதற்குள் போய்விட வேண்டும், அவன் கை தோளிலிருந்து எடுபடுவதற்கு முன்னால் நான் கதவில் இருக்கக் கூடாது. காலையில் அப்படித்தான் நின்றேன். வலது தோளைத் தவிர எனக்கு அன்றைக்கு வேறு உடம்பு இல்லை. இதையெல்லாம் எதற்கு இப்போது. கீச், இல்லை, இரைச்சல்தான். விரல் தானாக அமுங்கிவிட்டது.

கிளவுஸ். சாம்பல் மெத்தையின் ஒரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. கிளவுஸ் போட்டிருந்தான். எல்லோரும் போட்டிருந்தோம், ஹெலிகாப்டரில் ஏறுவதற்கு முன்பே போட்டு, மணிக்கட்டில் நாடாவால் இறுக்கி, ஒருவன் நாடாவை மற்றவன் இழுத்துப் பார்க்க வேண்டும். அவன் நாடாவை நான்தான் இழுத்துப் பார்த்தேன். இரட்டைத் தோல், உள்ளங்கையில் இன்னொரு பட்டை. அதற்குள் மோதிரம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வெளியே ஒன்றும் தெரியாது. அப்படியானால் மோதிரம் எப்படிப் பட்டது. கழற்றியிருப்பான். ஏன் கழற்றுவான், அடுத்த ஆள் அவன்தானே. மோதிரம் பிறகு சேர்ந்துகொண்டிருக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, விரல்கள் மட்டும் நிஜமாக இருக்கும். விரல்களா. இரட்டைத் தோலுக்குள் நாலு விரல் நாலாகப் படுமா, மொத்தமாகச் சோற்றுக் கட்டியால் அடித்த மாதிரிதானே படும். மோதிரத்தை எடுத்தால் விரல் போகிறது. விரலை எடுத்தால் என்ன மிச்சம். ஒரு தட்டு. யாருடையதும் இல்லாத ஒரு தட்டு. பின்னால் நின்றவன் முதுகிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த லாஞ்சர் குழாய் பட்டிருக்கலாம். ஹெலிகாப்டர் குலுங்கியதாக இருக்கலாம். இருக்கலாம். முப்பத்தேழு வருஷம் நான் இருக்கலாம் என்று சொன்னதில்லை. பொத்தானிலிருந்து கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டேன். அப்போது ஒரு கீச் வந்திருந்தால் வந்திருக்கட்டும்.

கதவு திறந்ததும் ஆஸ்பத்திரி முழுவதும் உள்ளே கொட்டியது. நஸ்ரின் என் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றினாள். "முடிஞ்சுதுங்க ஐயா. ரெண்டு காதும் குறைஞ்சிருக்கு, மிஷின் வெச்சா சரியாயிடும்" என்று காகிதத்தைக் காட்டினாள். கட்டம் போட்ட காகிதத்தில் சிவப்பும் நீலமும் இறங்கிக்கொண்டே போயின. ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள், கைதிகள் நாள் எண்ணுகிற மாதிரி. இது என்ன என்றேன். "அது ஒண்ணுமில்லைங்க. நடுநடுவுல நான் சத்தம் அனுப்பாம சும்மா இருப்பேன். அப்ப நீங்க அழுத்தினது. பதினொரு தடவை." பதினொன்றும் எனக்குக் கேட்டது என்றேன். "கேட்டிருக்கும் ஐயா. நீங்க பொய் சொல்லல. விட்டுடக் கூடாதுன்னு ரொம்பக் கவனமா இருக்கிறவங்களுக்கு இப்படித்தான், இல்லாததும் கேக்கும். கவனிக்காம உக்காந்திருக்கிறவங்களுக்கு இது வராது." கேட்டதற்கும் கேட்காததற்கும் உள்ளே வித்தியாசம் தெரியாதா என்றேன். "தெரியாதுங்க. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எனக்குத்தான் தெரியும், நான் அனுப்பினேனா இல்லையான்னு." காதுக்கு மட்டும்தானா, தொட்டால் தெரிகிறதே அதற்கும் உண்டா என்று கேட்டேன். "நான் காது மட்டும்தான் ஐயா படிச்சிருக்கேன்" என்றாள். பதில் சொல்லிவிட்டு அடுத்தவர் பெயரைக் கூப்பிடப் போனாள். கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால்.

நடைக்கு வந்ததும் தேசிங்கு எழுந்து நின்றான். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவனே ஆரம்பித்தான். காது போனவன் பேச்சு, நடை முழுவதும் கேட்டது. "முனிரத்தினம், நான்தான்டா தட்னேன். அவரு வெரல தூக்கறதுக்கு முன்னாடியே தட்டிட்டேன். என் தப்புதான். போதுமா. எல்லாருக்கும் கேட்டுச்சில்ல. கையெழுத்தப் போடு." பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துச் சீட்டோடு நின்ற ஒரு கிழவர், என்னப்பா அடிதடியா என்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார். இந்த வாக்கியத்தை நான் மனசுக்குள் எத்தனை இடங்களில் கேட்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில், கோயில் திருவிழாவில், அவன் சாகக் கிடக்கிறபோது கட்டில் பக்கத்தில். ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். இப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். ஆபீசில் எந்த இடத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வைக்கிறவன் முகமாக இருந்தது. தட்டினவன் முகம் அப்படி இருக்காது. இரண்டு கையாலும் உறையை நீட்டிக்கொண்டிருந்தான்.

காகிதத்தை வாங்கிச் சுவரோரம் இருந்த மேஜையில் வைத்தேன். விண்ணப்பதாரரை எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே நாலு கோடு. எழுதினேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போய் ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. ஹெலிகாப்டர் பயிற்சியில் எனக்குப் பின்னால் ஏழாவது ஆளாக நின்றவர். காதுக்குப் பாதுகாப்பு எதுவும் தரப்படவில்லை, ராக்கெட் லாஞ்சர் சுடும்போதும் தரப்படவில்லை, எனக்கு நேரில் தெரியும். இன்னும் ஒரு கோடு மிச்சமிருந்தது. பேனாவை எடுக்காமல் அதையும் எழுதினேன். இவர் என்னைத் தட்டவில்லை, நானாகவே இறங்கினேன். கீழே பெயர், நம்பர், தேதி. தேசிங்கு விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டு வந்தவன் கடைசி வரியில் நின்றுவிட்டான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். "இன்னாடா இது" என்றான், இந்தத் தடவை மெதுவாக. "இது எதுக்குடா இதுல. கிளார்க்கு கேப்பான்." அவன் காதருகே குனிந்து, கேட்டால் கேட்கட்டும், நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன், கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்றேன். அவன் நகரவில்லை. "அப்ப இத்தினி வருஷமா" என்று ஆரம்பித்தான். மணியைக் காட்டினேன். போ என்றேன். போனான், வேகமாக நடக்க முடியாதவன் வேகமாக நடக்கிற மாதிரி, உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. போர்டு அறைக் கதவில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்த இடம் சூடாக இருந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அன்றைக்கு விழுந்த பிறகு பட்டாள ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்தேன், பட்டாலியன் லாரி வாரம் இரண்டு முறை வந்து போனது, ஒரு நாள்கூட அவன் அதில் ஏறி என்னைப் பார்க்க வரவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. அதை எழுதக் காகிதத்தில் கோடு இல்லை.